செம்மண் காட்டில் தங்கம் தேடுவோர்க்கு: வாசகர் கேள்வி - பதில்

பெர்த் நகரில் வேலை பார்க்கும் கொங்குப் பகுதி நண்பர்கள் நால்வர், கேரவன் ஒன்றை வாகனத்தின் பின்னால் பூட்டிக்கொண்டு, மேற்கு ஆஸ்திரேலியாவின் கல்கூர்லிக்கு வடக்கே உள்ள செம்மண் காடுகளில் தங்கம் தேடித் திரிந்த விடுமுறையைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு பயணக் குறிப்பு வெளியிட்டிருந்தோம். நால்வருக்குமாகச் சேர்த்துக் கிடைத்தது கால் பவுனுக்கும் குறைவு என்று அவர்களே எழுதியிருந்தும், வந்து குவிந்த கடிதங்களில் பெரும்பாலானவை தங்கத்தைப் பற்றியே கேட்கின்றன. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டுக்குள் முன்பின் தெரியாத ஒருவர் கருவியோடு நுழைந்து மண்ணைத் தோண்டினால் நாங்கள் சும்மா விடமாட்டோம். அந்த நண்பர்களோ ஒரு கால்நடைப் பண்ணையின் கேட்டைத் திறந்து உள்ளே போய்த் தோண்டியதாக எழுதுகிறார்கள். அங்கே அதற்கு எப்படி அனுமதி கிடைக்கிறது? - காங்கேயம் வாசகர்

பதில்: உங்கள் கொறங்காடு உங்கள் பட்டா நிலம், அவர்கள் நுழைந்தது அரசு நிலம். மேற்கு ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் 'ஸ்டேஷன்' என்று சொல்லப்படும் பண்ணைகள் பல லட்சம் ஏக்கர் பரப்பில் விரிந்து கிடந்தாலும், அவற்றை நடத்துபவர் பெரும்பாலும் மேய்ச்சலுக்காக அரசிடம் குத்தகை எடுத்தவரே ஆவார். புல்லும் மேய்ச்சலும் அவருக்கு உரியவை. மண்ணுக்கடியில் உள்ள கனிமம் அரசுக்கு உரியது. அந்தக் கனிமத்தைத் தேடும் உரிமையைத் தனிமனிதருக்குத் தருவதுதான் 'மைனர்ஸ் ரைட்' என்னும் சீட்டு. மேற்கு ஆஸ்திரேலியாவில் இது 1978-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்தின்படி வழங்கப்படுகிறது. சொற்பக் கட்டணம்தான், ஒருமுறை வாங்கினால் காலாவதி ஆவதும் இல்லை. விக்டோரியா மாநிலத்தின் சீட்டு பத்தாண்டுகளுக்குச் செல்லும்.

சீட்டு கையில் இருப்பதாலேயே எங்கும் தோண்டலாம் என்று எண்ணிவிடக் கூடாது. வேறொருவர் சுரங்கக் குத்தகையோ தேடல் உரிமமோ பெற்றுள்ள இடத்தில் அவருடைய அனுமதி இன்றி ஒரு சிராய்கூட எடுக்க முடியாது. பெரிய நிறுவனங்கள் ஆய்வு உரிமம் பெற்றிருக்கும் நிலத்தில், சட்டத்தின் 40இ பிரிவின்படி மூன்று மாதங்களுக்குச் செல்லும் தனி அனுமதி ஒன்று உண்டு; அதையும் கையால் தோண்டுவதற்கு மட்டுமே தருகிறார்கள். எந்த இடம் யாருடைய உரிமத்தில் இருக்கிறது என்பதை அந்த மாநிலச் சுரங்கத் துறையின் 'டென்கிராஃப்' என்னும் இணைய வரைபடத்தில் அன்றாடம் பார்த்துக்கொள்ளலாம். அனுபவசாலிகள் கருவியைத் தொடுவதற்கு முன் மாலைப் பொழுதுகளை இந்த வரைபடத்தோடுதான் கழிக்கிறார்கள். பூர்வகுடி மக்களின் ஒதுக்கீட்டு நிலங்களுக்குள் செல்ல வேறு அனுமதி வேண்டும். அவர்களுடைய தொன்மையான இடங்களைக் கலைப்பது குற்றம்.

இவற்றுக்கு மேல் எழுதாத மரியாதைகள் சில இருக்கின்றன. அவை உங்களுக்குச் சொல்லாமலே விளங்கும். பண்ணைக்காரருக்கு முன்கூட்டியே தகவல் சொல்ல வேண்டும். திறந்திருந்த கேட்டைத் திறந்தபடியும், மூடியிருந்த கேட்டை மூடியும் விட்டுச் செல்ல வேண்டும். தண்ணீர்த் தொட்டிக்கு அருகில் முகாம் போடக் கூடாது. ஆள் நடமாட்டம் கண்ட மாடுகள் தாகத்தோடு தூரத்திலேயே நின்றுவிடும். தோண்டிய குழி எவ்வளவு சிறியதாக இருந்தாலும் மூடிவிட வேண்டும். காலை உள்ளே விட்டு எலும்பு முறிவது பண்ணைக்காரரின் மாடாகத்தான் இருக்கும்.

கேள்வி: கேரவன் என்றால் நம் பக்கம் சுற்றுலாவுக்கு விடுகிறார்களே, படுக்கை வைத்த வேன், அதுதானா? இங்குள்ள ஓட்டுநர் உரிமத்தை வைத்துக்கொண்டு அதை ஓட்ட முடியுமா? - அவிநாசி வாசகர்

பதில்: அது அல்ல. எஞ்சினோடு கூடிய வீட்டுவண்டியை அங்கே 'மோட்டார்ஹோம்' என்றோ 'கேம்பர்வேன்' என்றோ அழைக்கிறார்கள். கேரவன் என்பது எஞ்சின் இல்லாமல், முன்னால் செல்லும் ஜீப் போன்ற வாகனத்தோடு கொக்கியில் பூட்டி இழுத்துச் செல்லும் சக்கர வீடு. ஓடும்போது அதற்குள் ஆள் இருப்பது சட்டப்படி குற்றம். தங்கம் தேடுவோர் இதையே விரும்புவதற்குக் காரணம் இருக்கிறது. தார்ச்சாலையை ஒட்டிய ஒரு நல்ல இடத்தில் கேரவனைக் கழற்றி நிறுத்திவிட்டு, வாகனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு திசையில் காட்டுத்தடங்களில் போய்வரலாம்.

உரிமத்தைப் பொறுத்தவரை, சுற்றுலாவாகச் செல்பவர் ஆங்கிலத்தில் அச்சிட்ட நம் உரிமத்தைக் கொண்டு ஓட்டலாம். வாடகைக்கு விடுவோர் பன்னாட்டு அனுமதிச்சீட்டையும் கேட்கக்கூடும் என்பதால் அதை இங்கேயே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. அங்கும் இடப்புறமாகவே ஓட்டுகிறார்கள் என்பது நமக்கு வசதி.

உண்மையான சிக்கல் எடையில்தான் இருக்கிறது. கேரவனின் மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு முன்கொக்கியின்மேல் இறங்க வேண்டும் என்பது அங்குள்ள நடைமுறை. 2,500 கிலோ கேரவனுக்கு 250 கிலோ. அதைவிடக் குறைந்தால், வேகமெடுத்ததும் கேரவனின் பின்புறம் பாம்புபோல் நெளியத் தொடங்கி, வாகனத்தையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். தலா 95 லிட்டர் கொள்ளும் இரண்டு தண்ணீர்த் தொட்டிகளை நிரப்பினாலே 190 கிலோ கூடிவிடுகிறது. அவை அச்சுக்கு முன்னால் இருக்கின்றனவா பின்னால் இருக்கின்றனவா என்பதைப் பொறுத்துக் கொக்கியின்மேல் விழும் சுமையும் மாறும். ஆகவே தண்ணீர், டீசல், மளிகை எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு எடைமேடையில் ஒருமுறை நிறுத்திப் பார்க்காமல் கிளம்பக் கூடாது. எதிரே வரும் 'ரோடு ட்ரெயின்' என்னும் தொடர்லாரிகள் 53 மீட்டருக்கு மேலும் நீளமுள்ளவை. அவை வீசும் காற்றே கேரவனை ஆட்டும். அந்திக்கும் விடியலுக்கும் இடைப்பட்ட பொழுதில் கங்காரு குறுக்கே பாயும் என்பதால், பொழுது சாய்வதற்குள் முகாமை அடைந்துவிடுவதே அங்கு எல்லோரும் கைக்கொள்ளும் வழக்கம்.

கேள்வி: தங்கத்தைக் கண்டுபிடிக்கும் கருவி என்கிறார்களே, அது தங்கத்தை மட்டும் காட்டுமா? - ஈரோடு வாசகர்

பதில்: காட்டாது; அப்படிச் சொல்லி இணையத்தில் விற்கப்படும் கருவிகளை நம்பிப் பணம் கட்டாதீர்கள். அடிலெய்டைச் சேர்ந்த 'மைன்லேப்' நிறுவனத்தின் கருவிகளைத்தான் ஆஸ்திரேலியத் தங்கக்காடுகளில் பரவலாகப் பார்க்க முடியும். அவற்றின் அடிப்படை எளிது. வட்டமான கம்பிச்சுருளில் மின்சாரத்தை நொடிக்குப் பல நூறு முறை விட்டுவிட்டுச் செலுத்தினால், ஒவ்வொரு முறையும் அது அறுபடும்போது சுற்றியுள்ள காந்தப்புலம் சட்டெனச் சரிகிறது. அந்தச் சரிவு மண்ணுக்குள் இருக்கும் எந்த உலோகத்திலும் சிறு சுழல்மின்னோட்டத்தை எழுப்பிவிடுகிறது. அது தேய்ந்து மறையும் விதத்தைக் கருவி பிடித்துக்கொண்டு ஒலியாக மாற்றுகிறது.

மேற்கு ஆஸ்திரேலிய மண் சிவந்திருப்பது அதிலுள்ள இரும்பால்தான். அந்த இரும்புத்தாதும் ஓயாமல் ஒலி எழுப்பும் என்பதால், சாதாரண மெட்டல் டிடெக்டர் அங்கே பயன்படாது. மண்ணின் இரைச்சலைக் கழித்துவிட்டு உலோகத்தின் ஒலியை மட்டும் தருவதற்கென்றே செய்யப்பட்ட கருவிகள் பல ஆயிரம் டாலர் விலை பெறுவது இதனால்தான். அவ்வளவு கொடுத்து வாங்கினாலும், 1890-களில் அங்கு குவிந்த சுரங்கத் தொழிலாளர்கள் விட்டுச்சென்ற ஆணி, தகர டப்பாத் துண்டு, துப்பாக்கிக் குண்டு என எல்லாவற்றுக்கும் அது ஒலிக்கும். ஒலித்த இடத்தையெல்லாம் தோண்டியே ஆக வேண்டும். தோண்டிய மண்ணைக் கரண்டியில் அள்ளி, பாதியைக் கொட்டிவிட்டு மீதியைச் சுருளின்மேல் காட்டி, ஒலிக்கும் பாதியை மறுபடியும் பாதியாக்கி, கடைசியில் உள்ளங்கையில் மிஞ்சுவது துருப்பிடித்த ஆணியா மஞ்சள் மணியா என்று பார்ப்பதுதான் நாள் முழுவதும் நடக்கும் வேலை. பெரும்பாலும் ஆணிதான்.

எங்கே தேடுவது என்பதற்கும் அந்தப் பழைய தொழிலாளர்களே வழிகாட்டிகள். தண்ணீர் இல்லாத அந்த நாட்டில் அவர்கள் மண்ணை அலச முடியாமல் காற்றில் தூற்றிப் பிரித்தார்கள். அப்படித் தூற்றிய மண்மேடுகள் இன்றும் வரிசையாகக் கிடக்கின்றன. அவர்களின் சல்லடையில் தங்கிய பெரிய மண்கட்டிகளுக்குள்ளும், மேட்டைச் சுற்றியும் விடுபட்டவை இருக்கக்கூடும். கல்கூர்லியின் பாறை, நம் கோலார் தங்கவயலில் உள்ளதைப் போலவே, 250 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடைய பசும்பாறைப் பட்டையைச் சேர்ந்தது என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம். குவார்ட்ஸ் என்னும் வெள்ளைக் கல்லும் இரும்புக் கல்லும் கலந்து சிதறிய சரிவுகளைக் கண்டால் நடையை மெதுவாக்கிக்கொள்ள வேண்டும்.

கேள்வி: நாங்கள் கல்லூரி நண்பர்கள் ஐவர் மெல்போர்னிலும் பெர்த்திலும் இருக்கிறோம். அடுத்த ஆண்டு சேர்ந்து போவதாகப் பேச்சு. ஒருவனிடம் மட்டுமே கருவி இருக்கிறது. கிடைப்பதை எப்படிப் பிரித்துக்கொள்வது? - பொள்ளாச்சியைச் சேர்ந்த வாசகர்

பதில்: வந்த கடிதங்களில் மிக முக்கியமான கேள்வி இதுதான் என்பது எம் கருத்து. வெயில், பாம்பு, வழி தவறுதல் ஆகியவற்றைவிட நட்புக்குக் கேடு செய்வது பேசி முடிக்காத பங்கே. கூடித் தேடப் போகிறவர்களிடையே இரண்டு முறைகள் வழக்கத்தில் உள்ளன. ஒன்று, செலவு சமம், கண்டவனுக்கே தங்கம். மற்றொன்று, கண்டது எல்லாம் ஒரே டப்பாவில் சேர்ந்து, செலவு போக மீதி சமமாகப் பிரிவது. ஐவரிடமும் தனித்தனிக் கருவி இருந்தால் முதல் முறையே நல்லது. முன்னது நன்கு உழைப்பவனுக்கு நியாயம் செய்கிறது. யாரும் யாரையும் சோம்பேறி என்று முணுமுணுக்க இடமில்லை. ஒரே கருவியை மாற்றி மாற்றி ஐவர் பிடிக்கும் உங்கள் நிலையில் அந்த முறை ஒரு நாள்கூடத் தாங்காது. நீங்கள் ஒரு மணி நேரம் நடந்து விட்டுவிட்டு வந்த சரிவில், அடுத்தவர் கருவியை வாங்கி மூன்றாவது அடியில் ஒரு கட்டியை எடுத்தால், அது யாருடைய உழைப்பு? ஆகவே உங்களுக்குக் கூட்டு முறையைத்தான் பரிந்துரைப்போம். கருவிக்கு உரிய நண்பருக்கு ஒரு கூடுதல் பங்கு என்றோ, அவருடைய டீசல் செலவைக் கழிப்பது என்றோ முதலிலேயே எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். முகாமில் தங்கிச் சமைத்தவருக்கும் பங்கு உண்டு என்பதை அந்தத் தாளில் எழுத மறவாதீர்கள். கேரவனுக்குச் சேதம் வந்தால் யார் கொடுப்பது என்பதையும் அதே தாளில் முடித்துவிடுங்கள். தங்கம் கிடைப்பதைவிட அது நடப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

கூட்டாகக் கண்டதன் பெயர் ஒருவருக்கே போன கதையும் அங்கே உண்டு. 1893 ஜூன் மாதம் கல்கூர்லியில் தங்கத்தைக் கண்டவர்கள் பேடி ஹேனன், டாம் ஃபிளானகன், டேன் ஷே என்னும் மூன்று அயர்லாந்துக்காரர்கள். முதலில் மஞ்சளைப் பார்த்தது ஹேனன் அல்ல, ஃபிளானகனே என்று சொல்வோர் உண்டு. ஆனால் பக்கத்து ஊரான கூல்கார்டிக்குக் குதிரையில் போய் உரிமையைப் பதிவு செய்தவர் ஹேனன். அதனால் ஊரின் முதன்மைத் தெரு இன்றும் ஹேனன் தெருவாகவே இருக்கிறது, சிலையும் அவருக்கே எழுந்தது. பதிவு செய்த சில நாட்களுக்குள் நூற்றுக்கணக்கானோர் அங்கு வந்து குவிந்தார்கள். கட்டி கிடைத்த இடத்தின் படத்தை அன்றைக்கே வாட்ஸப் குழுவில் போடும் நண்பர் உங்களில் யாரேனும் இருந்தால், அதற்கும் தாளில் ஒரு வரி சேருங்கள்.

கேள்வி: போக்குவரத்துச் செலவு போக லாபம் நிற்குமா? - கோபிசெட்டிபாளையம் வாசகர்

பதில்: நிற்காது என்றே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். விமானச் சீட்டு, வாகனம், கேரவன், கருவி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும் டீசல் ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால், அந்தப் பணத்துக்குக் கடைவீதியில் வாங்கும் தங்கம் மிக அதிகமாக இருக்கும். அங்கே பேசப்படும் ஓர் அவுன்ஸ் என்பது 31.1 கிராம், நம் கணக்கில் நான்கு பவுனுக்குச் சற்றுக் குறைவு. ஒரு விடுமுறையில் அவ்வளவு எடுத்தவரை மற்ற முகாம்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

ஆனாலும் ஆட்கள் போய்க்கொண்டே இருப்பதற்குக் காரணம், அந்த மண் எப்போதோ ஒருமுறை செய்து காட்டும் வேலைதான். 1869-இல் விக்டோரியாவின் மொலியாகலில் ஜான் டீசன், ரிச்சர்ட் ஓட்ஸ் என்னும் இருவருக்குக் கிடைத்த 'வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்' கட்டி மண்ணுக்குள் ஓரிரு அங்குல ஆழத்திலேயே கிடந்தது. உருக்கியெடுத்த தங்கம் மட்டும் எழுபது கிலோவைத் தாண்டியது. அதை நிறுக்கும் அளவுக்குத் தராசு, அதைக் கொண்டுபோன அருகிலிருந்த டனோலி ஊரில் இல்லாததால் பட்டறைக் கல்லில் வைத்து உடைத்தே நிறுத்தார்கள். 1980-இல் அதே மாநிலத்தின் கிங்கோவர் அருகே கெவின் ஹில்லியர் என்பவர் மெட்டல் டிடெக்டர் கொண்டு கண்டெடுத்த 'ஹேண்ட் ஆஃப் ஃபெயித்' கட்டி 27.2 கிலோ, நம் கணக்கில் 3,400 பவுன். இந்த இரண்டு பெயர்களைச் சொல்லாமல் எந்த முகாமிலும் இரவுச் சோறு முடிவதில்லை. விடுமுறைக்கென்று ஒதுக்கிய பணத்தில் போகிறவர் தாராளமாகப் போகலாம். கடன் வாங்கியோ, தோட்டத்தை ஈடுவைத்தோ போக நினைப்பவர் போகவே வேண்டாம்.

கேள்வி: என் மகன் ஜூலையில் நண்பர்களோடு போகிறான். பாம்பும் பாலைவனமும் என்று கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அவனுக்கு என்ன சொல்லி அனுப்புவது? - தாராபுரம் வாசகி

பதில்: மாதத்தைச் சரியாகத் தேர்ந்திருக்கிறார், அம்மா. மே முதல் செப்டம்பர் வரை அங்கே குளிர்காலமும் அதை ஒட்டிய நாட்களும் என்பதால் பகல் இதமாக இருக்கும், பாம்பும் அவ்வளவாக வெளியே வராது. இரவில் மட்டும் கடுங்குளிர் அடிக்கும், கம்பளி கொடுத்தனுப்புங்கள். கோடையில் வெப்பம் நாற்பது டிகிரிக்கு மேல் போகும். அப்போது போவதாகச் சொல்லியிருந்தால் தடுக்கும்படியே எழுதியிருப்போம்.

பாம்பைவிட நாம் அஞ்ச வேண்டியது இரண்டு. முதலாவது, மூடாமல் கிடக்கும் பழைய சுரங்கக் குழிகள். காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, கண்ணைத் தரையிலேயே வைத்து நடப்பவர் விளிம்பைக் கவனிக்காமல் விழுந்துவிடக்கூடும். இரண்டாவது, வழி தவறுதல். எல்லாத் திசையிலும் ஒரே மாதிரிச் செடியும் ஒரே மாதிரிச் செம்மண்ணும் என்பதால், வாகனத்திலிருந்து கால் மைல் போனவர்கூடத் திசை தெரியாமல் திண்டாடுவார். கைபேசிக் கோபுரம் பெரும்பாலான இடங்களில் கிடையாது. ஆகையால் ஒவ்வொருவர் இடுப்பிலும் ஜிபிஎஸ், குடிதண்ணீர், செயற்கைக்கோள் வழியே உதவி கேட்கும் அவசர அழைப்புக் கருவி ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். வாகனத்தில் இருந்தால் போதாது. வாகனம் பழுதாகி நின்றால் அதை விட்டு நடக்கவே கூடாது. மேலிருந்து தேடுபவர் கண்ணுக்கு மனிதனைவிட வாகனமே முதலில் படும். பாம்பு கடித்தால், கடிவாயைக் கழுவாமல், கடிபட்ட கை அல்லது கால் முழுவதும் இறுக்கமாகக் கட்டுத்துணி சுற்றி அசையாமல் படுக்கவைத்து உதவி கேட்பது அங்குள்ள முறை; அதற்கான அகலக் கட்டுத்துணியைப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தொலைதூர நோயாளிகளிடம் விமானத்திலேயே மருத்துவரை அனுப்பும் 'ராயல் ஃபிளையிங் டாக்டர்' சேவை அங்கே 1928 முதல் நடந்துவருகிறது என்பது உங்களுக்கு ஆறுதல் தரலாம்.

ஊறுகாய், பருப்புப்பொடி, முறுக்கு எதைக் கொடுத்தனுப்பினாலும், விமான நிலையத்தில் தரும் படிவத்தில் உணவுப்பொருள் இருப்பதாகக் குறிப்பிடச் சொல்லுங்கள். கறிவேப்பிலை மட்டும் வேண்டாம்.

கேள்வி: நகைப்பட்டறை வைத்திருக்கிறேன். காட்டில் எடுத்த கட்டியின் மாற்று எப்படி இருக்கும்? அதை அப்படியே ஊருக்குக் கொண்டுவரலாமா? - கோவை வாசகர்

பதில்: இயற்கைத் தங்கத்தில் வெள்ளி கலந்தே இருக்கும், இடத்துக்கு இடம் விகிதம் மாறினாலும், ஆஸ்திரேலியக் கட்டிகள் பலவற்றின் மாற்று நம் 22 கேரட்டுக்குக் குறையாது. உங்கள் தொழில் வழக்கப்படி உடனே உருக்கிவிடத் தோன்றும், அதைச் செய்யாதீர்கள். வடிவம் கெடாத கட்டிக்கும், வெள்ளைக் கல்லோடு ஒட்டியிருக்கும் துண்டுக்கும், சேகரிப்போர் தங்கத்தின் சந்தை விலைக்கு மேல் தருவார்கள். சிறு மணிகளையும் பொடியையும் சுத்திகரித்து விற்பதற்கு, 1899 முதல் இயங்கும் பெர்த் நாணயசாலை இருக்கிறது. இந்தியாவுக்கு நகையாக அல்லாமல் வெறும் தங்கமாகக் கொண்டுவந்தால், பயணிகளுக்குள்ள நகைச் சலுகை பொருந்தாது. சுங்கத்தில் சிவப்பு வழியில் போய்க் காட்டித் தீர்வை கட்ட வேண்டும். அங்கேயே விற்றுவிட்டுப் பணமாகக் கொண்டுவருவதுதான் எளிது.

கேள்வி: அவ்வளவு தூரம் எதற்கு? கூடலூர், தேவாலா பக்கமே தங்கம் இருக்கிறதாமே. ஒரு டிடெக்டரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால் என்ன? - மேட்டுப்பாளையம் வாசகர்

பதில்: இருப்பது உண்மை. 1879-ஐ ஒட்டி அங்கே பெரும் தங்க வேட்டை நடந்து, இலண்டனில் நிறுவனங்கள் முளைத்துப் பங்கு விற்று, சில ஆண்டுகளிலேயே சரிந்தும் போயின. ஆனால் பொழுதுபோக்குக்குத் தேடுபவருக்கு 'மைனர்ஸ் ரைட்' போன்ற சீட்டு இங்கே கிடையாது. கனிமம் தேடுவதற்கே 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். அந்தப் பகுதியில் பல இடங்கள் வனத்துறையின் பொறுப்பில் உள்ளன. பழைய குடைவுகள் இடியும் நிலையில் இருக்கின்றன. உங்கள் சொந்தத் தோட்டத்திலேயே கருவியைப் பிடித்து, யாரோ புதைத்துவைத்த பழங்காசு ஒன்று கிடைத்தாலும், 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது எதுவானாலும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். அந்தப் பத்து ரூபாயை இதுவரை யாரும் உயர்த்தவில்லை.